முப்பது நாள் தனி அறை

அண்ணன் அறைக்கு வெளியே நின்று வாலு மூன்றாவது தடவையாகக் கதவைத் தட்டக் கையை உயர்த்தினாள், தட்டவில்லை. மணி பதினொன்றரை. அவன் லிஃப்ட் மெக்கானிக். எந்நேரமும் அழைப்பு வரும் என்று பேன்ட்டோடுதான் படுத்திருப்பான்.

பின்னால், வாஷிங் மெஷின் இருக்கும் சிற்றறையில் அவளுடைய புதுக் கிளி பட்டாணி மூச்சுவிடுவது இங்கே வரை கேட்டது. ஒவ்வொரு மூச்சுக்கும் 'டிக்' என்று ஒரு சத்தம். வாங்கி வந்து எட்டு நாள்கூட முழுதாக ஆகவில்லை.

வீட்டில் ஏற்கெனவே விசில் இருந்தது. அண்ணன் ஒன்பது வருஷமாக வளர்க்கும் சாம்பல் நிறக் காக்டீல், கொண்டை வைத்த சின்னக் கிளி. அவன் தோளில் ஏறிக் காதைக் கடித்து விளையாடும். வாலு கையை நீட்டினால் மட்டும் வேண்டாத சொந்தக்காரியைப் பார்த்த மாதிரி முதுகைக் காட்டும்.

"எனக்குன்னு ஒண்ணு வேணும். என்கிட்ட ஒட்டிக்கிற மாதிரி" என்று ஆறு மாதம் அவன் உயிரை வாங்கினாள். லவ் பேர்ட்ஸ் தன் ஜோடியே கதி என்று கிடக்கும். பெரிய கிளி போடும் கூச்சலுக்குக் கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். இப்படி ஒவ்வொன்றாகத் தள்ளி, கோனூர் என்கிற சின்னப் பச்சைக் கிளியில் வந்து நின்றார்கள். மல்லாந்து படுத்து விளையாடும், சட்டைப் பைக்குள் புகுந்து தூங்கும், அவ்வளவாகக் கத்தாது.

கடையில் ஏழு கோனூர்கள். ஆறு, கம்பியில் தலைகீழாகத் தொங்கி ஒன்றையொன்று வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தன. ஏழாவது வாலுவின் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்து, இறகைப் பந்து மாதிரி உப்பிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டது.

"பாத்தியா பாப்பா, உன்னைப் பிடிச்சுப்போச்சு அதுக்கு" என்றார் கடைக்காரர்.

அண்ணன் அப்போது வாசலில் நின்று, எங்கோ லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஒருவருக்கு போனில் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தான். திரும்பி வந்தபோது அவள் அதற்குப் பட்டாணி என்று பெயரே வைத்துவிட்டிருந்தாள்.

அவன் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. "முப்பது நாள் தனி ரூம். புதுப் பறவை என்ன நோயோட வந்திருக்குன்னு பாத்தா தெரியாது. அதைத் தொட்ட கையோட விசிலைத் தொட்ட, தொலைச்சுடுவேன்."

ஐந்தாம் நாள் மாலை, வீட்டில் யாரும் இல்லாதபோது, அவள் பட்டாணியைக் கூடத்துக்குக் கொண்டுபோனாள். விசில் தானாகவே நகர்ந்து வந்து தலையைக் குனிந்து கொடுத்தது. பட்டாணி கோதிவிட்டது. ஒரே கிண்ணத்தில் இரண்டும் தினை கொத்தின. அன்றுதான், ஒன்பது வருஷத்தில் முதல்முறையாக, விசில் அவள் மணிக்கட்டில் ஏறி நின்றது. அந்த ஆசையில் மறுநாளும் கொண்டுபோனாள்.

இன்று சாயங்காலம் பட்டாணி கூண்டின் தரையில் உட்கார்ந்துவிட்டது. அண்ணன் குனிந்து பார்த்தான்.

"காலையில முதல் வேலையா டாக்டர்கிட்ட போயிடலாம். இப்படி உப்பிக்கிட்டுத் தூங்கறது பாசம் இல்லடி. உடம்புக்கு முடியலைன்னா இப்படித்தான் பண்ணும். கடையிலயே நான் பாத்திருக்கணும்." பிறகு அவள் முகத்தைப் பார்த்து, "அழாத. நல்லவேளை, விசில் பக்கம் விடல" என்றான்.

அந்த நல்லவேளைதான் அவளைத் தூங்கவிடவில்லை.

தட்டினாள்.

"யாரு, அம்மாவா?"

"நான்தான்."

"பட்டாணிக்கு என்ன ஆச்சு?"

"அதுக்காக வரல. அண்ணா, திட்டு, அடி, என்ன வேணா பண்ணு. முதல்ல நான் சொல்றதைக் கேட்டுடு."

இருட்டிலேயே சொல்லி முடித்தாள். அவன் கத்துவான் என்று காத்திருந்தாள். கத்தவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. எழுந்து நேராகக் கூடத்துக்குப் போய் விளக்கைப் போட்டு, கூண்டுத் துணியை விலக்கினான்.

"விசில் எப்போலேருந்து சத்தம் போடல?"

"நேத்து காலையிலேருந்து."

"கவனிச்சுட்டு வாயை மூடிக்கிட்டு இருந்தியா?"

"சொன்னா நீ என்கூடப் பேசவே மாட்டேன்னு..."

அவன் சமையலறைத் தராசை எடுத்து வந்து விசிலை அதன்மேல் நிற்க வைத்தான். வழக்கமாக எண்கள் நிலைக்கும் முன் தத்தித் தோளுக்கு ஓடிவிடும். இன்று நின்ற இடத்தில் நின்றது. எண்பத்தெட்டு கிராம்.

"ஞாயித்துக்கிழமை தொண்ணூத்தி நாலு" என்றான்.

டாக்டர் மூன்றாவது அழைப்பில்தான் எடுத்தார். அண்ணன் இரண்டு வாக்கியம் பேசிவிட்டு போனை அவளிடம் நீட்டினான்.

"நீயே சொல்லு. ஒண்ணு விடாம."

வாலு போனை வாங்கிக்கொண்டாள். "புதுசை வாங்கின அஞ்சாம் நாளும் ஆறாம் நாளும் ரெண்டையும் சேத்து விட்டேன் டாக்டர். அரை மணி நேரம், அரை மணி நேரம்."

"ஒரே கிண்ணத்துலயா சாப்பிட்டுச்சுங்க?"

"ஆமா. தண்ணியும் அதே."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "புதுசு எப்படிப் போகும்னு சொல்ல முடியாதும்மா. பழசுக்கு இப்பவே மருந்து ஆரம்பிச்சா பிடிச்சு நிறுத்தலாம். விடியட்டும்னு இருக்காதீங்க. ரெண்டையும் தனித்தனியா மூடி எடுத்துட்டு வாங்க. நான் கிளினிக்கைத் திறக்கறேன்."

அண்ணன் வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தான். அவள் பட்டாணியின் கூண்டைத் துணியால் சுற்றினாள். விசிலை நெருங்கத் துணிவு வராமல் சுவரோரம் நின்றாள்.

"கையைக் கழுவிட்டு வா" என்றான் அவன், அவளைப் பார்க்காமல். "சோப்புப் போட்டு. பட்டாணியை நான் முன்னாடி வெச்சுக்கறேன். வண்டியில விசிலை நீதான் பிடிச்சுக்கணும்."