தாய்ச்செடி

2009 ஏப்ரல், சித்திரை வருஷ விடுமுறை முடிந்த திங்கட்கிழமை காலை, பேர் பதியும் பெரட்டு கலைகிற நேரத்தில் கம்பனி வேன் வந்து நின்றது. நாலு சிறுமிகள் இறங்கினார்கள். ஒரே கவுன். ஒரே உயரம். ஒரே முகம்.

முகம் விஜயகலாவுடையது.

வேலைக்குப் பேர் கொடுக்க வந்திருந்த பெண்கள் சிறுமிகளைப் பார்த்தார்கள். பிறகு விஜயகலாவைப் பார்த்தார்கள். விஜயகலா இடுப்பில் படங்குத் துணியைக் கட்டிக்கொண்டிருந்தாள். முடிச்சைப் பாதியில் விட்டாள்.

"பதினோரு வருஷத்துக்கு முந்தி ஒங்கிட்ட வெட்டி எடுத்தாங்களே," என்றான் அவள் கணவன் முத்துவீரன். "முளைச்சிருச்சு."

முத்துவீரனுக்கு வேலை தவறணையில். தேயிலைக் கன்று வளர்க்கும் இடம் அது. நல்ல செடி ஒன்றைத் தாய்ச்செடியாக வைத்துக்கொள்வார்கள். அதன் கிளையை ஓர் இலையும் ஒரு கணுவுமாக நறுக்கி, மண் நிரப்பிய பையில் ஊன்றுவார்கள். சில வருஷத்தில் மலை முழுக்க அதே செடி. அதே நிறம், அதே நாளில் துளிர், அதே நோய். விதையில் முளைத்த பழைய தேயிலை அப்படியல்ல. ஒன்றைப் போல் ஒன்று இருக்காது. துரைமார் அதைப் பிடுங்கிவிட்டார்கள்.

1997இல் வெளிநாட்டில் ஓர் ஆட்டை அதே மாதிரி உண்டாக்கியிருப்பதாக ரேடியோ சொன்னது. தோட்டத்தில் கொஞ்ச நாள் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். கணக்கப்பிள்ளை இந்திரகுமாரை இன்னொன்று போட்டால் தோட்டம் தாங்காது என்று பேசிக்கொண்டார்கள். அந்த வருஷக் கடைசியில் கம்பனியிலிருந்து ஒரு டொக்டரம்மா வந்தார். எல்லாரும் நோனா என்றார்கள். டிவிஷனில் அதிகம் கொழுந்து எடுப்பது யார் என்று கேட்டார். இந்திரகுமார் விஜயகலாவின் பேரைச் சொன்னார். நோனா அவள் கையின் உள்பக்கத்தை ஊசி போட்டு மரத்துப்போகச் செய்தார். அரிசியளவு தோலை வெட்டி ஒரு சின்னப் போத்தலில் போட்டார். பால்மா பெட்டி ஒன்று கொடுத்தார். இரத்தம் குறைவா என்று பார்க்கிறார்களாக்கும் என்று விஜயகலா நினைத்துக்கொண்டாள்.

அதே நோனா இப்போதும் வேனிலிருந்து இறங்கினார். தலை நரைத்திருந்தது.

"விஜயகலா, சுகமா? இவங்க ஒரு கிழமை ஒன்கூட மலைக்கு வருவாங்க. சின்ன டெஸ்ட். அவ்வளவுதான்."

"யாருங்க இவங்க?"

"நம்ம புள்ளைங்க," என்றார் நோனா.

விஜயகலாவுக்குப் பிள்ளை இல்லை. அந்த 'நம்ம'வில் தானும் இருக்கிறாளா என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

சிறுமிகளுக்குப் பேரில்லை. ரிப்பன் இருந்தது. சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை. ரம்புக்கனையில் மதில் கட்டிய ஒரு வீட்டில் வளர்ந்தார்களாம். பார்த்துக்கொண்டது ஒரு தோட்டத்து ஆயாவாம். அதனால் பேச்சு தோட்டத்துப் பேச்சு. ஆனால் அதிகம் பேசவில்லை.

விஜயகலாவின் இடது காது மடல் கிழிந்திருந்தது. ஒன்பது வயதில் தோடு கிளையில் சிக்கியதில் கிழிந்தது. அன்றிலிருந்து பேசும் முன் மடலைத் தடவிக்கொள்வாள். சிறுமிகளின் காது கிழியவில்லை. தோடு போடத் துளைகூட இல்லை. அவர்களும் பேசும் முன் இடது மடலைத் தடவினார்கள்.

முதல் நாள் மலையில் மஞ்சள் ரிப்பனின் காலில் அட்டை கடித்தது. அவள் காலைத் தூக்கினாள். வேறு வேறு நிரையில் நின்ற மற்ற மூவரும், அவளைப் பார்க்காமலே, அதே காலைத் தூக்கினார்கள். பக்கத்து நிரையில் நின்ற கருப்பாயி கும்பிட்டுக்கொண்டாள். யாரைக் கும்பிட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"எனக்கு நல்லதுதான்," என்றான் முத்துவீரன் அன்று மாலை. "ஒனக்கு எப்ப கோவம் வரும்னு இனி நாலு எடத்துல பாத்துத் தெரிஞ்சிக்கலாம்."

வேன் வளைவில் நின்றது. சிறுமிகள் இரவில் அதிலேயே படுத்தார்கள். விஜயகலா அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரொட்டி கொண்டுபோய்க் குடுக்கவா?"

"குடு. ஒனக்குப் புடிச்சதுதான் அதுங்களுக்கும் புடிக்கும். கேக்க வேண்டியதில்ல."

செவ்வாய்க்கிழமை மடுவத்தில் கொழுந்து நிறுத்தபோது நோனாவின் முகம் சுருங்கியது. சிறுமிகள் எடுத்தது மிகக் குறைவு. விஜயகலாவின் பேருக்கு விழுந்தது வழக்கம்போல டிவிஷனிலேயே அதிகம்.

"இந்த வயசுக்குப் பாதியாவது வரணும்," என்றார் நோனா. "கை அப்படியே வந்திருக்கு. வேகம் வரலியே. ஏன்?"

இந்திரகுமார் தராசைப் பார்த்தார். விஜயகலா தரையைப் பார்த்தாள்.

விஜயகலாவின் பேரில் விழுந்த எடை ஒருபோதும் ஒருத்தியுடையதாக இருந்ததில்லை. அவளுடைய தங்கை ஜீவராணிக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை. அதனால் அடையாள அட்டை இல்லை. அதனால் தோட்டத்தில் பேர் இல்லை. அவள் அக்காவின் பேரில் கொழுந்து எடுத்தாள். மடுவத்துக்குக் கீழே ஒரு பாறை இருந்தது. அதன் மறைவில் தங்கையின் கொழுந்து அக்காவின் கூடைக்கு மாறும். இந்திரகுமாருக்குத் தெரியும். மலையில் எல்லாருக்கும் தெரியும். இதைப் பொய் என்று யாரும் நினைத்ததில்லை. 1997இல் நோனா கேட்டபோதும் இதைச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ரெண்டு பேருடைய கொழுந்துக்காகக் கம்பனி ஒருத்தியின் தோலை வெட்டியிருந்தது.

புதன்கிழமையும் எடை ஏறவில்லை. நோனா குடையை மடக்கினார்.

"சனிக்கிழமையும் இப்படின்னா புரொஜெக்ட் மூடிருவாங்க."

கன்றுப் பைகளை இறக்க வந்திருந்த முத்துவீரன் நின்றான். "மூடினா புள்ளைங்கள என்னா செய்வீங்க, நோனா?"

"அது கம்பனி பாக்கும்."

"எங்க தவறணையில தேறாதத என்னா செய்வோம்னு தெரியுங்களா?"

"தெரியும்," என்றார் நோனா. "நானும் தவறணையிலதான் தொழில் படிச்சேன்."

தேறாத கன்றைப் பிடுங்கிக் குழியில் கொட்டுவார்கள். மேலே நெருப்பு வைப்பார்கள். சற்றுத் தள்ளி, கூடையைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்த விஜயகலாவுக்கு எல்லாம் கேட்டது. அவளுக்கு முன்னால் நாலு சிறுமிகளும் தங்கள் கூடைகளைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தார்கள். தட்டுகிற சத்தம் ஒரே சத்தமாக வந்தது.

திரும்பும் வழியில் ஜீவராணி கேட்டாள்.

"சொல்லிருவமா, அக்கா? ரெண்டு பேரு கொழுந்துன்னு."

"சொன்னா?"

"புள்ளைங்க மேல தப்பில்லன்னு தெரிஞ்சிரும்ல."

"தப்பு எம்மேலன்னு தெரியும். தாய்ச்செடியே சரியில்லன்னா கன்னுங்கள வச்சிக்கிருவாங்களா?"

ஜீவராணி கூடைக் கயிற்றை இழுத்துச் சரிசெய்தாள்.

"அப்ப எனக்குச் செய்ற மாதிரிதான் செய்யணும்," என்றாள். "பேரு அதுங்களுக்கு. கொழுந்து நம்மளோடது."

அட்டைக்குப் பயந்து நோனா ரோட்டைவிட்டு இறங்குவதில்லை. வியாழன் காலையிலிருந்து பாறை மறைவில் பெண்கள் ஒவ்வொருவராக நின்று போனார்கள். ஆளுக்கு ரெண்டு கை கொழுந்து. சிறுமிகள் கூடையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். ஏன் என்று கேட்கவில்லை.

"நல்லா அமுக்கு, புள்ள," என்றாள் கருப்பாயி. "அந்த மூஞ்சிய எனக்குக் குடுத்திருந்தா நானும் கெட்டிக்காரின்னு பேரு எடுத்திருப்பேன்."

"ஒன் மூஞ்சிய நாலா போட்டா வேன் டிரைவர் ஓடிருவான்," என்றாள் ஜீவராணி.

பெண்கள் சிரித்தார்கள். சிறுமிகளும் சிரித்தார்கள். நாலு சிரிப்பும் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக நின்றன. அதன் பிறகு பெண்கள் பேசாமல் கொழுந்தைப் போட்டார்கள்.

சனிக்கிழமை தராசு பாரத்தில் இறங்கியது. இந்திரகுமார் எடையைச் சத்தமாகச் சொன்னார். நாலு முறை சொன்னார். நோனா போனை எடுத்துக்கொண்டு சிக்னல் கிடைக்கும் வளைவுக்குப் போனார். திரும்பி வந்தபோது ஓடி வந்தார்.

"சரி, விஜயகலா. பாஸ். இவங்க இங்கயே இருக்கலாம். ஒன் வீட்லயே இருக்கட்டும்."

விஜயகலா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுவதைச் சிறுமிகள் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள்.

"மத்தவங்களையும் அனுப்பச் சொல்லிட்டேன்," என்றார் நோனா.

"எந்த மத்தவங்க, நோனா?" என்றான் முத்துவீரன்.

"நாலு பேர மட்டுமா போடுவாங்க? ரம்புக்கனையில அதே மாதிரி வீடுகள்ல இன்னும் இருநூறு பேர் இருக்காங்க. ஒரே வயசு."

"அதே மூஞ்சியா?"

"வேற என்ன மூஞ்சி?"

இந்திரகுமார் தராசுக் கொக்கியைப் பிடித்தார்.

வேன் போய்விட்டது. விஜயகலா லயத்தில் தன் ஒற்றையறைக் காம்பராவில் பாய் விரித்தாள். சிறுமிகள் வரிசையாக உட்கார்ந்து ரொட்டி தின்றார்கள். ஓரத்தை முதலில் சுற்றிப் பிய்த்துத் தின்றுவிட்டு நடுவைக் கடைசிக்கு வைத்தார்கள். அவளும் அப்படித்தான் தின்பாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுடைய காம்பராவில் தட்டு போதவில்லை. ரெண்டு தட்டை ஜீவராணி பக்கத்துக் காம்பராவில் வாங்கி வந்திருந்தாள்.

"பாத்தியா," என்றான் முத்துவீரன் மெதுவாக. "நடுவ யாருக்கும் குடுக்காதுங்க."

"குடுக்கும்," என்றாள் விஜயகலா. சிவப்பு ரிப்பனின் தலையைத் தொட்டாள். மற்ற மூவரும் தலையைச் சற்றுச் சாய்த்தார்கள். அவளுக்குக் கை கூசியது. எடுக்கவில்லை.

வாசலில் ஜீவராணி நின்றாள். உள்ளங்கை முழுக்கக் கொழுந்துக் கறை. மூன்று நாள் வேலையில் விரல் வெடித்திருந்தது. மஞ்சள் ரிப்பன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்லுவதை நிறுத்தினாள். நாலு பேரும் நிறுத்தினார்கள்.

"அந்த இருநூறு பேரு கூடையிலயும்," என்றாள் மஞ்சள் ரிப்பன், "கொழுந்து யாருங்க போடுவாங்க?"