நாற்பது கிலோ வெண்கலம்

செவ்வாயில் இறங்கப்போகும் வண்டியில் ஒரு வெண்கலப் பலகையைப் பொருத்த வேண்டும் என்று இயக்குநருக்குத் தோன்றியபோது, வண்டியை எடைபோட்டு மூடியாகிவிட்டது. பலகையில் பதினெட்டுப் பெயர்கள். முதலாவது அவருடையது. எடை நாற்பது கிலோ.

அவர் இல்லாத இடங்களில் அவருக்குப் பெயர் 'மைக்'. கையில் கிடைத்தால் விடமாட்டார்.

எரிபொருள் கணக்குப் போடுபவள் மறுத்தாள். வண்டியில் தனியாகப் போகிறவன் அவளுடைய தம்பி. இறங்கவும் திரும்பக் கிளம்பவும் ஒரே தொட்டி. அங்கே காற்று நம் காற்றில் நூற்றில் ஒரு பங்குதான். வண்டியைச் சுட்டெடுக்கப் போதும், பாராசூட்டை நம்பி நிறுத்தப் போதாது, மிச்ச வேகத்தை இன்ஜின் எரித்துத்தான் தீர்க்க வேண்டும் என்று படம் போட்டுக் காட்டினாள்.

மைக் படத்தைப் பார்க்கவில்லை. "அங்க ஈர்ப்பு கம்மிம்மா. நாப்பது கிலோ பதினஞ்சுதான் இருக்கும். எனக்கே பாடம் எடுக்கறியா?"

சும்மா கிடந்தால் பதினைந்து, பாய்ந்து வரும்போது நிறுத்துவதற்கு முழு நாற்பது என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் கூட்டம் தேநீருக்குக் கலைந்தது. பலகைக்கான ஒப்புதல் தாள் மேசையில் கிடந்தது. காற்று ஒத்துழைத்தால் மயிரிழையில் தேறும். கையெழுத்துப் போட்டாள்.

இறங்கிய நாளில் காற்று வழக்கத்தைவிட மெலிந்திருந்தது. பாராசூட் விரிந்தும் வேகம் அடங்கவில்லை. இன்ஜின் ஒன்பது விநாடி கூடுதலாக எரிந்தது. தம்பி பூப்போல இறங்கினான். அறையே கைதட்டியது. மைக் பேச எழுந்தார்.

அவள் தொட்டியின் அளவைப் பார்த்தாள். அந்தக் குறைந்த ஈர்ப்பே இப்போது அதிகம்: கிளம்பலாம், மேலே சுற்றிக்கொண்டிருக்கும் தாய்க்கலத்தை எட்ட முடியாது. பலகை, இருக்கை, கேமரா எல்லாவற்றையும் கழற்றிவிட்டுக் கணக்குப் போட்டாள். அப்போதும் எட்டவில்லை. அடுத்த வண்டி போக இரண்டு வருடம். அவனிடம் மூச்சுக்காற்று நாற்பது நாளுக்கு. ஒளிக்காமல் அவனுக்குச் சொல்லி அனுப்பினாள்.

பதில் வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. மைக் இன்னும் பேசி முடித்திருக்கவில்லை.

"பலகையைக் கழட்டிட்டேன்க்கா. உங்காளு சொன்னது நிஜம்தான், ஒத்தக் கையில தூக்கிட்டேன். பதினெட்டுப் பேர்ல என் பேரைக் காணோம். வெளிய நட்டு வெச்சிருக்கேன், கடைசிப் பேருக்குக் கீழ இடமிருக்கு. நானே கீறிக்கறேன். நீ அழாத."