ஏழு நாடுகள் கைதட்டிய சாக்கடை

ஏழு நாட்டுப் பிரதிநிதிகளும் எழுந்து நின்று கைதட்டியது ஒரு சாக்கடைக்கு.

மாநாட்டின் மூன்றாம் நாள், தேநீருக்குப் பிந்தைய அமர்வு. அதுவரை திரையில் வந்ததெல்லாம் வட்டங்களும் அம்புக்குறிகளும்தான். நீடித்த மனித வாழ்விடம் என்றால் மூன்று வட்டங்கள் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கும் என்பது எல்லோருக்கும் மனப்பாடமாகிவிட்டிருந்தது. அந்தத் தூக்கக் கலக்கத்தில்தான் வெளிநாட்டு ஆலோசகர் மேடையேறி ஒரு குறுகலான சந்தின் படத்தைப் போட்டார். சந்தின் ஓரமாக ஒரு முழ அகலத்தில் சாக்கடை. அதில் தண்ணீர் ஓடியது. ஓடியது என்பதுதான் விசேஷம்.

பின்வரிசையில் புரொஜக்டர் வயரைக் காலால் மிதித்துக்கொண்டு நின்ற வரைவாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். படத்தின் கோடியில் மண்வெட்டியோடு குனிந்து நிற்கும் முதுகு அவருடைய மாமியாருடையது. கொடியில் காய்கிற கட்டம் போட்ட சட்டை அவருடையது.

வரைவாளர், நகர வாழ்விட இயக்ககத்தில் பதினோரு வருஷமாக வரைபடம் போடுகிறவர். கல்யாணமான புதிதில் ‘ஆறு மாசம்தான்’ என்று மாமியார் வீட்டில் குடியேறியவர், அந்த ஆறு மாசத்தை ஒன்பது வருஷமாக நீட்டிக்கொண்டிருந்தார். சந்துக்காரர்கள் அவரைப் ‘பிளான் மாப்பிள்ளை’ என்பார்கள். வீடு கட்டுகிற பிளான் என்று நினைத்தால் தப்பு. வீட்டை விட்டுக் கிளம்பாமலிருக்கிற பிளான்.

ஆலோசகர் அந்தச் சந்து கண்டுபிடித்த முறைக்கு ‘கீழ்நோக்குப் பரஸ்பரப் பொறுப்புடைமை’ என்று பெயர் வைத்திருந்தார். சந்தில் அதற்குப் பெயர் ‘கடைசி வீட்டம்மா சண்டை’.

சந்தில் முப்பத்தெட்டு வீடுகள். ஒரு காலத்தில் எல்லா வீட்டுக்காரர்களும் தங்கள் வாசல் சாக்கடையைச் சுத்தமாகத்தான் வைத்திருந்தார்கள். அதாவது, குப்பையைத் துடைப்பத்தால் அடுத்த வீட்டுப் பக்கம் தள்ளிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டார்கள். முப்பத்தேழு வீட்டுச் சுத்தமும் சேர்ந்து கடைசி வீட்டு வாசலில் முட்டிக்கொண்டு நின்றது. கடைசி வீட்டம்மா, பேன்ட்டு நீளம் குறைத்துத் தருகிற தையல்காரி, வரைவாளரின் மாமியார். ஒருநாள் காலையில் அத்தனையையும் வாளிகளில் அள்ளி, வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்தாள். “இந்தாம்மா, உங்க வீட்டுத் தலைமுடி. இந்தாங்கண்ணே, உங்க முட்டை ஓடு. எண்ணிப் பாத்துக்குங்க, ஒண்ணும் குறையாது.” மூன்று நாள் சண்டை நடந்தது. அதன் முடிவில் ஒரு விதி பிறந்தது: யாரும் தன் வாசல் சாக்கடையை அள்ளக்கூடாது, கீழ்வீட்டு வாசலைத்தான் அள்ள வேண்டும். நீ தள்ளிவிடுவது உன் கைக்கே வரும். தலைவீட்டு வாசல்? அதைக் கடைசி வீடு அள்ளும். ஆகவே, கடைசி வீட்டம்மா தினமும் காலையில் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு சந்து முழுக்க நடந்து போவாள். வழியில் முப்பத்தேழு வாசலையும் ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வைக்குப் பயந்தே சாக்கடை ஓடியது.

“எந்த நாடு, எந்த ஊர் என்பதைச் சொல்ல ஆய்வு நெறிமுறை இடம் தராது” என்று ஆலோசகர் முடித்தார். கரவொலி அடங்கவில்லை. முன்வரிசையில் வரைவாளரின் மேலதிகாரியான வாழ்விட இயக்குநர்தான் கடைசியாக உட்கார்ந்தார். வெளியே வந்ததும் வரைவாளரின் தோளில் கைவைத்தார்.

“பாத்தியாய்யா? ஜனங்கன்னா அப்படி இருக்கணும். நம்ம ஊர்ல நடக்குமா இது? நம்மாளுங்களுக்கு சாக்கடைன்னா அது அரசாங்கத்தோட சொத்து.”

வரைவாளர் வாயைத் திறந்தார். இயக்குநர் அதற்குள் பிஸ்கட் தட்டுப் பக்கம் போய்விட்டார்.

மாலை நிறைவு அமர்வில்தான் இடி விழுந்தது. நல்ல நடைமுறைகளை ஏழு நாடுகளும் பகிர்ந்துகொள்ள ஒரு வட்டார மையம் வேண்டும். அதற்கு நிலம் தர எங்கள் இயக்ககம் தயார் என்று இயக்குநர் அறிவித்தார். திரையில் நிலத்தின் வரைபடம் வந்தது. கால்வாய்க்கும் பெரிய சாலைக்கும் நடுவே வெள்ளை வெளேரென்று ஒரு செவ்வகம். அதன் நடுவில் அழகான கையெழுத்தில் ‘காலி நிலம்’. கையெழுத்து வரைவாளருடையது.

வரைபடப் பிரிவில் ஒரு பழக்கம் உண்டு. அனுமதி வாங்காத கட்டடத்துக்குக் கோடு கிடையாது. கோடு போட்டால் இருப்பதாக ஒப்புக்கொண்டது போலாகிவிடும் என்று எப்போதோ ஒரு மேலதிகாரி சொல்லி வைக்க, இன்றுவரை யாரும் போடுவதில்லை. நாலு மாசத்துக்கு முன்னால் வரைவாளர் தான் தூங்குகிற அறையை, மனைவி குளிக்கிற மறைப்பை, மாமியாரின் தையல் மிஷின் இருக்கிற மூலையை, எல்லாவற்றையும் வெள்ளையாக விட்டு மேலே ‘காலி நிலம்’ என்று எழுதினார். இப்படி எத்தனை கோப்பு பார்த்தாச்சு, ஒன்றாவது எழுந்து நடந்திருக்கிறதா என்பது அவருடைய நம்பிக்கை. வீட்டில் மூச்சு விடவில்லை.

இந்தக் கோப்பு எழுந்து நடந்துவிட்டது.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னார். மனைவி அடுப்பை அணைத்தாள். பிறகு, “நம்ம வீட்ல ஜன்னல் எத்தனைன்னு சொல்லுங்க?” என்றாள்.

“ரெண்டு.”

“தெரியுதுல்ல? அப்புறம் எப்படிங்க கை வந்துச்சு காலி நிலம்னு எழுத?”

“ஆபீஸ்ல அதான் வழக்கம்.”

“இங்கயும் ஒரு வழக்கம் இருக்கு. சோத்தைத் தின்னுட்டு எதுவும் நடக்காத மாதிரி படுக்கறது. அதையும் நல்லாத்தான் செய்றீங்க.”

மாமியார் மிஷினை விட்டு எழவில்லை. “அவரைத் திட்டி என்ன ஆகப் போகுது? விடுடி” என்றாள். “மாப்பிள்ளை, ரெண்டு வருஷம் முன்னால கேமராவத் தூக்கிட்டு ஒருத்தர் வந்து, படிக்கிறேன்னாரே, அவரா?”

“அவர்தான் அத்தை. படிக்கலை, ஆலோசகர்.”

“டீ கேட்டாரு, குடுத்தேன். ரெண்டாவது டீயும் கேட்டாரு. அப்பவே நினைச்சேன், படிக்கிற முகமா இதுன்னு.” நூலைப் பல்லால் கடித்தாள். “ஏழு நாட்டுக்காரனும் எழுந்து நின்னானா?”

“நின்னாங்க அத்தை. எங்க டைரக்டர்தான் கடைசியா உக்காந்தாரு.”

“அப்போ போய் சொல்லுங்க. நீங்க கை தட்டினது இந்த இடத்துக்குத்தான்னு சொல்லுங்க. கை தட்டின கையால எப்படி இடிப்பாரு?”

சந்து முழுக்க அன்றிரவே அந்த நம்பிக்கை பரவிவிட்டது. காலையில் தலைவீட்டு ரிக்‌ஷாக்காரர் வரைவாளரைத் தன் வண்டியிலேயே ஆபீஸ் வாசல்வரை கொண்டுவந்து இறக்கினார். “பிளான் மாப்பிள்ளை, இன்னைக்காவது வாயைத் திறந்துடுங்க. முப்பத்தெட்டு வீடு உங்க வாய்லதான் தொங்குது.”

வரைவாளர் வாயைத் திறந்தார். இயக்குநர் கேட்ட முதல் கேள்வி வேறு மாதிரி இருந்தது.

“நீ அங்கயா குடியிருக்கே?”

“மாமியார் வீடு சார்.”

“அனுமதியில்லாத இடத்துல குடியிருந்துட்டு இந்த ஆபீஸ்ல பென்சில் பிடிக்கிறியா? சரி, அது தனிக் கதை.” ஆலோசகருக்குப் போன் போட்டார். நெறிமுறை, நெறிமுறை என்று முனகிவிட்டு, ஆலோசகர் ஆமாம் என்று ஒப்புக்கொண்டார். போனை வைத்த இயக்குநரின் முகம் மெல்ல மலர்ந்தது.

“நம்மளுதாய்யா!”

வரைவாளருக்கு உயிர் வந்தது. “ஆமா சார், நம்மளுதுதான்.”

“ஏழு நாடு எழுந்து நின்னது நமக்குத்தான்! நம்ம இயக்ககத்தோட எல்லைக்குள்ள, நம்ம மேற்பார்வையில!”

“அதான் சார். அந்த இடம்தான் அந்தக் காலி நிலம். இடிக்காம விட்டுட்டு வேற இடத்துல மையத்தைக் கட்டினா…”

இயக்குநர் அவரை, படிக்காத பிள்ளையைப் பார்ப்பது போல் பரிவோடு பார்த்தார்.

“யோவ், நடைமுறை வேற, இடம் வேற. நடைமுறையைத்தான் ஆவணமாக்கியாச்சே, அறுபது பக்கம், கலர் படத்தோட. இனிமே அதுக்கு எந்த ஆபத்தும் இல்ல. நேத்துவரைக்கும் முப்பத்தெட்டு வீட்டுக்குச் சொந்தம், இன்னைக்கு ஏழு நாட்டுக்குச் சொந்தம். எங்க சந்து, எங்க சாக்கடைன்னு பிடிச்சுக்கிட்டு நின்னா, அது சுயநலம் இல்லையா?”

வரைவாளர் சட்டைப் பையிலிருந்த பென்சிலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“அதுவும் அந்த மண்ணுலயே மையம் எழும்புது! இதைவிட அந்த ஜனங்களுக்கு என்ன மரியாதை வேணும்? உங்க மாமியார் போட்டோவை நுழைஞ்சதுமே பெருசா மாட்டிடுவோம்.”

இடிக்க வந்த காலையில் சந்துக்காரர்கள் வழக்கம் போல் கீழ்வீட்டு வாசலை அள்ளினார்கள். ஏன் அள்ளினோம் என்று பின்னால் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. இயந்திரம் ஓட்டுகிறவர் இறங்கி வந்து, “இத்தனை ஊர்ல இடிச்சிருக்கேன், மூக்கைப் பொத்தாம இடிக்கிறது இதான் முதல் தடவை” என்று மாமியாரிடம் பாராட்டாகச் சொல்லிவிட்டு மேலே ஏறினார். நல்ல மனிதர். தையல் மிஷினை இறக்கி வைக்க அரை மணி நேரம் பொறுத்தார். கடைசி வீட்டிலிருந்து ஆரம்பித்தார். இயந்திரம் திரும்ப அங்கேதான் இடமிருந்தது.

எல்லோரையும் ஊர்க்கோடியிலிருந்த ஐந்து மாடிக் குடியிருப்புக்கு அனுப்பினார்கள். கடைசி வீட்டம்மாவுக்கு மூன்றாவது மாடி. சாக்கடை அங்கே குழாய்க்குள் போயிற்று, குழாய் சுவருக்குள் போயிற்று. யார் எதைத் தள்ளினார்கள் என்று கடவுளுக்கும் தெரியாது. மாசம் ஒருமுறை தரைத்தள வீடுகளில் கழிவு பொங்கியது. மாமியார் மண்வெட்டியோடு படியிறங்கிப் போய்ப் பார்த்தாள். எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் ஏறி வந்துவிட்டாள். ஒன்பது வருஷத்தில் அவள் யாரிடமும் தோற்றதை வரைவாளர் பார்த்ததில்லை. அங்கேதான் பார்த்தார். மனைவி அவரிடம் தேவைக்கு மட்டும் பேசினாள். தேவைகள் குறைந்துகொண்டே வந்தன.

ஒன்றரை வருஷத்தில் மையம் திறந்தது. முதல் பயிற்சி வகுப்பே கீழ்நோக்குப் பரஸ்பரப் பொறுப்புடைமை. இயக்ககத்தின் வேன் மாமியாரை ஏற்றி வந்தது. கழுத்தில் ‘சமூக வள நபர்’ என்று அட்டை. மண்டபத்தின் நடுவில், கண்ணாடிப் பெட்டிக்குள், வரைவாளர் இரண்டு மாதம் உட்கார்ந்து செய்த சந்தின் மாதிரி. முப்பத்தெட்டு வீடும் இருந்தன. இந்தத் தடவை கோடு போட அனுமதி கிடைத்திருந்தது.

மாமியார் பெட்டியைச் சுற்றி வந்தாள். “நம்ம ஜன்னல் ரெண்டும் வச்சிருக்கீங்களே மாப்பிள்ளை” என்றாள். அவள் குரலில் கேலி இருக்கிறதா என்று வரைவாளர் தேடினார். இருந்திருந்தால் தேவலை.

வகுப்பில், இந்த முறை எப்படி ஆரம்பித்தது, யார் சண்டை போட்டார்கள் என்று எல்லோரும் கேட்டார்கள். அவள் சொன்னாள், வாளி கதைக்கு எல்லோரும் சிரித்தார்கள். கடைசியாக ஒரு பிரதிநிதி, மற்ற நாடுகளுக்கு உங்கள் அறிவுரை என்ன என்று கேட்டார். மொழிபெயர்க்கிற பெண் அதைத் தமிழில் சொன்னாள்.

“உங்க ஊர்ல இப்படி ஒரு தெரு இருந்தா யார்கிட்டயும் காட்டாதீங்க” என்றாள் மாமியார். “படம் எடுக்க எவனாவது வந்தா கதவைச் சாத்திக்குங்க. டீ கீ குடுத்துடாதீங்க.”

மொழிபெயர்க்கிற பெண் ஒரு மூச்சு இழுத்துக்கொண்டாள். இயக்குநர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். “உள்ளூர் அறிவைப் பாதுகாப்பது மிக அவசியம் என்று அம்மா வலியுறுத்துகிறார்” என்று பிரதிநிதிகளுக்குப் புரிகிற மொழியில் சொன்னாள். ஏழு நாடுகளும் எழுதிக்கொண்டன.

இடைவேளையில், சுருட்டைமுடிக்காரப் பிரதிநிதி ஒருவர் மொழிபெயர்க்கிற பெண்ணையும் இழுத்துக்கொண்டு வந்து மாமியாரின் கையைப் பிடித்தார். அவருக்கு உண்மையாகவே கண் கலங்கியிருந்தது. தங்கள் ஊரிலும் ஒரு தெரு உண்டு, ஆற்றங்கரையில், அறுபது வீடு, அங்கே குப்பைக்கு வேறொரு முறை, கேட்டால் அசந்துபோவீர்கள் என்றார்.

“படம் கிடம் எடுத்தாரான்னு கேளும்மா” என்றாள் மாமியார் அவசரமாக.

கேட்டார்கள். போன வாரமே அனுப்பிவிட்டாராம். அடுத்த மாநாட்டுக்குத் தேர்வாகியிருக்கிறதாம்.

“ஐயோ, இவரு இங்க என்ன பண்றாரு? இப்பவே போன் போட்டுத் திருப்பி வாங்கச் சொல்லும்மா. அந்தத் தெருவுல கடைசி வீடு யாருதுன்னு கேளு. அவங்களுக்காவது ஒரு வார்த்தை சொல்லிடச் சொல்லு!”

மொழிபெயர்க்கிற பெண் இந்தத் தடவை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தாள். அவர் கவனமாகக் கேட்டார், நெஞ்சில் கைவைத்துத் தலை தாழ்த்தினார். பிறகு, எல்லோரும் நிற்கும் குழுப்படத்துக்கு ஒலிபெருக்கியில் கூப்பிடவே, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வேகமாகப் போய் முன்வரிசையில் நின்றுகொண்டார்.