பொய் ஊசியும் அக்காவும்

என் அக்கா ஊசி குத்துகிறவள். மருந்து ஏற்றுகிற ஊசி அல்ல. தலைமுடி மாதிரி மெலிந்த, உள்ளே ஒன்றுமே இல்லாத அக்குபங்சர் ஊசி. நான் எலும்பு டாக்டர். இருவருக்கும் ஒரே ஆஸ்பத்திரி, ஒரே மாடி. வீடும் ஒன்றேதான்; நான் மேலே, அவள் கீழே, சாப்பாடு கீழேதான் என்று சொல்லிவிட்டால், எங்கள் சாப்பாட்டு மேஜையின் லட்சணத்தை நான் விவரிக்கத் தேவையில்லை.

உன் ஊசி வெறும் நம்பிக்கை, வெறும் சர்க்கரை உருண்டையை மருந்து என்று கொடுத்தாலும் பாதிப் பேருக்கு வலி குறையும் என்பது என் கட்சி. வலி குறைந்தவர்களிடம் போய் இதைச் சொல்லிப் பார் என்பது அவள் கட்சி. அக்காவின் கணவர், லிப்ட் ரிப்பேர் செய்கிற மாமா, எந்தக் கட்சியிலும் இல்லை. தட்டைப் பார்த்துச் சாப்பிடுவார். ஒரே ஒரு நாள் வாயைத் திறந்தார்.

"லிப்ட்ல கதவு மூடற பட்டன் இருக்கு பாரு, நான் பார்க்கற பாதி லிப்ட்ல அதுக்கு ஒயரே கிடையாது. ஆனா அமுக்கினவன் நிம்மதியா நிக்கறான். அப்ப அந்த பட்டன் வேலை செய்யுதுன்னு சொல்றதா, செய்யலைன்னு சொல்றதா?"

இரண்டு பக்கமும் முறைத்ததில் மனிதர் மறுபடி தட்டுக்குள் போய்விட்டார்.

சண்டைக்கு இன்னொரு காரணமும் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. வராந்தாக் கோடியில், ஒரு காலத்தில் படுக்கை விரிப்புகளை அடுக்கி வைத்திருந்த அறைதான் அக்காவின் ஊசி அறை. அதை ஒட்டி என் மாவுக்கட்டு அறை. ஒரே நேரத்தில் இரண்டு உடைந்த கால்கள் வந்தால் ஒரு கால் வெளியேதான் நிற்க வேண்டும், அவ்வளவு சின்னது. நடுச் சுவர் மேல் எனக்கு ரொம்ப நாளாகக் கண். மாதாந்திரக் கூட்டத்தில் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன்: ஊசி வேலை செய்கிறது என்று காட்டட்டும், இல்லையென்றால் சுவரை இடித்துக் கொடுங்கள்.

தலைமை டாக்டர் சாவதானமான பெண்மணி. சரி, சோதித்துவிடுவோம், நிஜ ஊசி பொய் ஊசியை ஜெயித்தால் அறை உங்கள் அக்காவுக்கு, இல்லையென்றால் உங்களுக்கு என்றார். நான் தலையாட்டுவதற்கு முன்பே அக்கா தலையாட்டிவிட்டாள். அவளுக்கு அந்த அறைதான் எல்லாம். வேறு எங்கேயும் அவளுக்கு இப்படி ஓர் இடம் கிடைக்காது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பொய் ஊசி என்பது சாமர்த்தியமான பொருள். முனை மழுங்கியது. அழுத்தினால் தோலுக்குள் போகாமல் தன் கைப்பிடிக்குள்ளேயே போய் ஒளிந்துகொள்ளும், நாடகத்துக் கத்தி போல. சுற்றி ஒரு சின்ன பிளாஸ்டிக் வளையம் பிடித்துக்கொள்வதால் பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. முழங்கால் வலிக்காரர்களைச் சேர்த்தோம். யாருக்கு எது என்று மருந்தகத்தில் சீட்டுக் குலுக்கிப் பெட்டியை அனுப்புவார்கள். பெட்டியைத் திறக்கும் அக்காவுக்கு மட்டும் தெரியும்; நோயாளிக்கும் தெரியாது, வலி எவ்வளவு என்று கேட்டுக் குறிக்கும் நர்ஸுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஒரே ஒரு ஓட்டை அக்காவின் வாய். அவள் பேச ஆரம்பித்தால் நோயாளி வந்த காரணத்தையே மறந்துவிடுவார். அதனால் எல்லோரிடமும் சொல்ல வேண்டிய வாக்கியங்களை எழுதிச் சுவரில் ஒட்டினேன். வணக்கம், படுங்கள், லேசாகக் குத்தும், அசையாதீர்கள், முடிந்தது. இதற்கு மேல் ஒரு சொல் கூடாது. இதற்கு நீ என் கழுத்தையே நெரித்திருக்கலாம் என்றாள். ஆனால் வாக்கைக் காப்பாற்றினாள். கதவோரம் நின்று ஒட்டுக் கேட்டிருக்கிறேன். உள்ளே அக்கா இருக்கிறாளா என்றே சந்தேகம் வரும், அவ்வளவு அமைதி.

மழைக்காலம் முழுவதும் சோதனை நடந்தது. முடிவில் கணக்குப் பார்த்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு பக்கமும் வலி குறைந்திருந்தது. ஆனால் பொய் ஊசிக்காரர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே குறைந்திருந்தது. சமமாக வந்தாலே எனக்கு வெற்றி. இது அதற்கும் மேல்.

வீட்டுக்கு ஓடிப் போய்ச் சொன்னேன். அக்கா கத்துவாள், கரண்டியைத் தூக்குவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டாள். பொய் ஊசிக்கா, கூடவா என்று மட்டும் கேட்டாள். முகத்தில் ஈயாடவில்லை. மாமா என்னைப் பார்த்த பார்வையில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஜெயித்தவன் இப்படியா உட்கார்ந்திருப்பான் என்று என்மேலேயே எரிச்சல் வந்தது.

மறுநாள் என் அறைக்குச் சலவைக்கடைக்காரர் வந்தார். நாள் முழுக்க நின்று தேய்த்து முழங்காலைக் கெடுத்துக்கொண்ட மனிதர். மறுபடியும் அந்த ஊசி அக்காவிடம் அனுப்ப முடியுமா என்று கேட்டார். சோதனை முடிந்துவிட்டதால் உண்மையைச் சொன்னேன்: உங்களுக்குப் போட்டது பொய் ஊசி, ஒன்றுமே உள்ளே போகவில்லை.

அவர் அசரவே இல்லை. "போகட்டும் டாக்டர். அந்தம்மா என் கணுக்காலைப் பிடிச்சுக்கிட்டு, நேரம் முடியறவரைக்கும் பக்கத்துலயே உட்கார்ந்திருப்பாங்க. ஒரு வார்த்தை பேசமாட்டாங்க. எனக்கு என்னமோ அதுலயே பாதி வலி போயிடுச்சு."

எனக்குச் சுருக்கென்றது. நிஜ ஊசி போட்டுக்கொண்ட பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற அம்மாவைக் கூப்பிட்டு விசாரித்தேன். அவர் சொன்னது வேறு கதை. அக்கா குத்திவிட்டு ஜன்னலோரம் போய் நின்றுகொள்வாராம். பேச்சும் கிடையாது, தொடவும் மாட்டாராம். அந்த அக்கா உங்களை மாதிரியே உம்மணாமூஞ்சி, டாக்டர் என்றார். இன்னும் சிலரைக் கேட்டேன். பொய் ஊசிக்காரர்கள் அத்தனை பேருக்கும் ஒரு கை கிடைத்திருக்கிறது; விரிப்பை இழுத்துவிடுவது, தலையணையைச் சரிசெய்வது எல்லாம் நடந்திருக்கிறது. நிஜ ஊசிக்காரர்களுக்குக் கிடைத்தது ஊசி மட்டும்தான். நான் அவள் பேச்சை அளந்தேனே தவிர, கையை அளக்க மறந்துவிட்டேன்.

ஊசி அறைக்குப் போய்க் கேட்டேன். அது வரைக்கும் அவளுக்கே அது தெரியாது என்பது முகத்தில் தெரிந்தது.

"நிஜ ஊசி போட்டவங்களை ஊசி பார்த்துக்கும். பொய் ஊசி போட்டவங்களுக்கு யாருடா இருக்கா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. ஊசியை இவ்வளவு நம்புகிற ஒருத்தியால்தான் இந்தச் சோதனையை இப்படிக் கெடுத்திருக்க முடியும்.

கூட்டத்துக்கு முந்தின இரவு நிறைய யோசித்தேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் சுவர் எனக்கு. ஆனால் கெட்டுப்போன கணக்கைக் காட்டி அறையை வாங்கினால், நான் இத்தனை வருஷம் அவளிடம் கேட்ட ஆதாரத்துக்கு என்ன அர்த்தம்? மறுநாள் எழுந்து நின்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். இந்தச் சோதனையிலிருந்து ஊசி வேலை செய்கிறது என்றும் சொல்ல முடியாது, செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது.

தலைமை டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். எப்படியோ எல்லோருக்கும் வலி குறைந்திருக்கிறது, யாருக்கும் கெடுதல் இல்லை, அந்த அறை அப்படியே இருக்கட்டும், மாவுக்கட்டுக்கு வேறு இடம் பார்க்கலாம் என்று முடித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். சுவர் போனாலும் மனசு லேசாக இருந்தது.

அக்கா மட்டும் தட்டவில்லை. எழுந்து நின்றாள்.

"வேண்டாம் மேடம். நான் பக்கத்துல உட்கார்ந்து பிடிச்சுக்கிட்டதுக்காக அறை குடுக்கறீங்கன்னா, அப்புறம் ஊசி எதுக்கு? நாளைக்கு ஒருத்தரைக் குத்தும்போது, இது சும்மாவோன்னு எனக்கே தோணும். இன்னொரு தடவை வைங்க. நான் குத்திட்டு உடனே வெளியே போயிடறேன். எது எந்த ஊசின்னு தெரியாத ஆள் யாராவது எல்லார் பக்கத்துலயும் ஒரே மாதிரி உட்காரட்டும். ஊசி தோத்தா நான் காலி பண்ணிக்கறேன்."

தலைமை டாக்டர் என்னைப் பார்த்தார். இத்தனை வருஷமாக அவளிடம் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவளே கொடுத்தபோது வேண்டாம் என்று சொல்ல வழியில்லை; தலையாட்டினேன்.

வராந்தாவில் அவளைப் பிடித்துக்கொண்டேன். கைக்கு வந்த அறையை எதற்காகத் தூக்கிப் பணயம் வைத்தாய், உனக்குப் பைத்தியமா என்று திட்டினேன். அவள் நிற்காமல் நடந்தாள்.

"உனக்குத்தான் ஊசி மேல நம்பிக்கை இல்ல. அதான் பயப்படறே. நான் எதுக்குப் பயப்படணும்?"

அறை வாசலில் அவள் திரும்பினாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"கணக்கை நீதான் பார்க்கணும் தம்பி. வேற யாரும் வேண்டாம். அக்காவாச்சேன்னு ஒரு புள்ளி ஏத்திப் போட்டேன்னா, சாப்பிடக் கீழே வராதே."

போடமாட்டேன் என்றேன். ஊசி ஜெயிக்காது என்றுதான் இன்னமும் நினைக்கிறேன், அதில் மாற்றமில்லை. ஆனால் நான் நினைப்பது தப்பாகப் போக வேண்டும் என்று வாழ்க்கையில் முதல் முறையாக, முழு மனசோடு ஆசைப்பட்டேன். அந்த ஆசையோடுதான் அடுத்த வாரம் புதுச் சோதனையின் கணக்கை ஆரம்பிக்க வேண்டும், அந்த ஆசை ஒரு புள்ளியைக்கூடத் தொடாமல்.