ஓரிரு இடங்களில்

1

இந்தக் கதை கைப்பேசியில் வந்த ஒரு வானிலை அறிக்கையிலிருந்து கிளம்பியது. நாடு முழுமைக்குமான இரண்டு நாள் கணிப்பு அது. வடக்கே புழுதிப்புயல், கிழக்கே கனமழை, நடுவே காட்டுத்தீ அபாயம். கோலார் பக்கத்துக்கு ஒரே வரி: காய்ந்த புல்லில் தீ பரவலாம், ஓரிரு இடங்களில் சூறைக்காற்றுடன் மழை பெய்யலாம்.

எந்த ஓரிரு இடங்கள்? நிஜத்தில் அதை யார் தீர்மானிக்கிறார்களோ தெரியாது. கதையில் நான்தான் தீர்மானிக்க வேண்டும்.

2

'ஓவியா வானத்தை அண்ணாந்து...' (அடித்துவிட்டேன். அவளுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை.)

'ஒரு காலத்தில் பாலகாட்டில்...' (கூடாது. இப்படித் தொடங்கினால் அடுத்த வரியில் மூடிப்போன சுரங்கத்துத் தங்கம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.)

சரி, இப்படி: பாலகாட் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் ஓவியா பெங்களூர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு அப்பாவின் அருகில் நின்றாள். சுரங்கத் தூசி தின்ற நுரையீரல் அசோகனுக்கு. கரண்டில் ஓடும் ஆக்சிஜன் மிஷின்தான் அவரை ஓட்டிக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் பின்னால் தைலமரத் தோப்பில் புல் பற்றியெரிய, புகை மெல்ல இந்தப் பக்கம் திரும்பியது. மேற்கே இடி இடித்தது.

கையிலிருந்தது ஒரே ஒரு சின்ன சிலிண்டர். கோலார் ஆஸ்பத்திரி வரை தாங்கும். இல்லையென்றால் வீட்டில் ஒரு கரண்ட் கட்டைத் தாங்கும். இரண்டுக்கும் போதாது.

3

"நைனா, கெளம்பு. வால்டர் அண்ணன் ஆட்டோவோட நிக்கிறாரு."

"எங்க?"

"கோலாருக்கு. மழ வந்தா கரண்டு பூடும். மிஷினு நின்னுடும்."

"நம்ம ஊட்டு மேலதான் பெய்யும்னு போட்டுகீதா?"

"ஓரிரு எடத்துலன்னு போட்டுகீது."

"அத்தினி வருசம் சொரங்கத்துல கீய இருந்தேன். அங்க ஏது மழ, ஏது வெயிலு? லெவல்ல பொக வந்தா எவனும் ஓடமாட்டான். ஓட்னா மூச்சு பூடும். தரையில குந்திகினு மேல தூக்குற கேஜுக்குக் காத்துகினு இருப்போம்."

"இது லெவலு இல்ல நைனா, ஊடு!"

"பொகைக்கு அது தெரியுமா?"

(இந்த அசோகன்மேல் எனக்குச் சந்தேகம். மூச்சுக்கே திண்டாடுகிறவர் இவ்வளவு பேசுவாரா? பேசமாட்டார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே நிறுத்தி, அவர் இருமி முடிக்கும்வரை காத்திருந்து படியுங்கள். ஓவியா அப்படித்தான் காத்திருந்தாள், கையும் ஓடாமல் காலும் ஓடாமல்.)

4

முடிவு அ: மழையைப் பாலகாட்டில் பெய்யவைக்கிறேன். தீ அணைகிறது. கரண்டும் போகிறது. சிலிண்டரைத் திறக்கிறாள். அது தீர்வதற்குள் கரண்ட் வருமா என்று எழுதப் போனேன், கை வரவில்லை.

முடிவு ஆ: மழையைப் பேத்தமங்களா பக்கம் தள்ளிவிடுகிறேன். இங்கே வெறும் காற்று. காற்று தீயை வீட்டருகே கொண்டுவருகிறது. ஆட்டோவில் ஏறுகிறார்கள். வழியில் ஒரு மரம் சாய்ந்து...

முடிவு இ: காற்றுமில்லை, மழையுமில்லை, தீ தானாகவே அணைந்து... (இது கணிப்பில் இல்லை. என் ஆசை.)

5

முடிவை உங்களிடம் விடுகிறேன் என்றால் பெருந்தன்மை போலத் தெரியும். அதெல்லாம் இல்லை, பயம். ஒரு மகள் தப்பாக முடிவெடுத்துவிட்டு ஆயுசுக்கும் அதைச் சுமப்பதை என்னால் எழுத முடியாது.

பல்பு மங்கி, மறுபடி எரிந்தது. மிஷின் ஒருமுறை கூவி, மறுபடி ஓடியது. ஜன்னலைச் சாத்தியும் புகை உள்ளே வந்துவிட்டது. வெளியே வால்டர் இன்ஜினை அணைக்கவில்லை.

"இன்னா பண்ணட்டும் நைனா?"

அவர் முடிவை மகளிடமே விட்டுவிட்டார். அவள் என்னைப் பார்த்தாள், நான் உங்களைப் பார்க்கிறேன். ஏற்றச் சொல்வீர்களா, இருக்கச் சொல்வீர்களா? எதுவானாலும் சீக்கிரம் சொல்லுங்கள். நாம் பேசிக்கொண்டிருக்கும் இந்த நேரமெல்லாம் அவருடைய மூச்சிலிருந்துதான் போகிறது.