மூன்றாம் மாடியில் முளைத்த அறைகள்

“என்னங்க, பாத்ரூமுக்குப் பக்கத்துல புதுசா ஒரு ரூம் வந்திருக்கு.”

“எவ்ளோ பெருசு?”

“ஒரு ஆமை இருக்கற அளவுக்கு.”

“ஆமையா?”

“லிஃப்ட்ல வந்துச்சாம். வாட்ச்மேன் சொன்னாரு. நேரா அந்த ரூமுக்குள்ள போயிடுச்சு.”

“சரி, கதவச் சாத்திடாத. பாவம், பயந்துக்கப் போகுது.”

ஆமை வந்த அன்று கண்ணாடிக்காரருக்கும் அவர் மனைவிக்கும் நடந்த பேச்சு இவ்வளவுதான். கண்ணாடிக்காரர் என்றால் கடைத்தெரு முனையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். மனைவி அதற்கு அடுத்த தெருவில் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர், ஆகவே எங்கள் குடியிருப்பில் அவர் மருந்துக்கடையம்மா. முந்தின நாள்வரை துடைப்பம் சாய்த்துவைத்திருந்த சுவரில் ஒரு கதவும், கதவுக்குப் பின்னால் சேறும் முழங்காலளவு தண்ணீருமாக ஓர் அறையும் வந்து நின்றதில் அவருக்குப் பெரிய வியப்பு இல்லை. குடித்தனம் நடத்துகிறவர்கள் இதைவிடப் பெரிய கூத்தெல்லாம் பார்த்திருப்பார்கள். அவரைத் தூக்கிவாரிப் போட்டது வேறு. கணவர், “இடமில்ல” என்று சொல்லவே இல்லை.

அந்தச் சொல்லை அவர் ஒருமுறை கேட்டிருந்தார். அம்மா போன பிறகு அவருடைய அப்பா, முப்பது வருஷம் டவுன் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர், மகள் வீட்டில் கொஞ்ச நாள் வந்து தங்கினார். மாமனாருக்கும் மருமகனுக்கும் சண்டை என்று எதுவும் இல்லை. சண்டை போட்டிருந்தால் சமாதானமாவது ஆகியிருப்பார்கள். பெண் பார்க்க வந்த அன்றே பெரியவர், கண்ணாடி என்பது ஒழுங்காகப் பார்க்கத் தெரியாதவர்களுக்கு என்று பொதுவாகச் சொல்லிவைத்தார். தங்கியிருந்த நாட்களில், ஆள் இல்லாத அறையில் எரியும் விளக்கை அணைத்துக்கொண்டே மருமகனின் பின்னால் நடந்தார். ஆள் சில சமயம் உள்ளேயே இருந்தது. பிறகு ஒருநாள், காற்றோட்டம் போதவில்லை என்று சொல்லித் தன் பையை எடுத்துக்கொண்டு ஊரின் மறுகோடியில் இருக்கும் தன் ஒற்றை அறைக்கே போய்விட்டார். அன்று சாயங்காலம் கண்ணாடிக்காரர், யாரும் எதுவும் கேட்காதபோதே, “ரெண்டு ரூம் வீட்டுல எடம் எங்கம்மா இருக்கு?” என்றார். மருந்துக்கடையம்மா அப்போதுதான் கேட்பதற்கு வாயைத் திறந்திருந்தார். திறந்த வாயை, “பால் வாங்கிட்டு வந்துடறேன்” என்று சொல்லி மூடிக்கொண்டார். கேள்வி உள்ளேயே தங்கிவிட்டது. அவர்களுடைய ஒரே மகள் வெளியூருக்குப் படிக்கப் போய் அவளுடைய அறை காலியானபோது மறுபடி வாயைத் திறந்தார். அதற்குள் அந்த அறையில் விற்காத ஃபிரேம் பெட்டிகள் கூரைவரை ஏறியிருந்தன.

இனிக் குழுவைப் பற்றிச் சொல்லவேண்டும். ஊருக்கு வெளியே புதர்க்காட்டை வழித்துச் சாலை போட்ட வருஷம் எங்கள் குடியிருப்பில் ‘நம் மண்ணின் உயிர்கள் பாதுகாப்புக் குழு’ தொடங்கப்பட்டது. பெயரில் இருந்த நீளத்துக்கு ஆட்கள் இல்லை. முதல் மாடிப் பல் டாக்டரம்மா தலைவி, கண்ணாடிக்காரர் செயலாளர், நாலாவது மாடி விலங்கியல் வாத்தியார் ஆலோசகர், மற்ற நாங்கள் எல்லாம் கைதட்டுகிறவர்கள். கூட்டங்கள் கார் நிறுத்தும் இடத்தில் நடந்தன. அது ஒரு குளத்தைத் தூர்த்த இடம் என்பது எல்லாருக்கும் தெரியும். மரியாதை கருதி யாரும் அதைப் பேசுவதில்லை. முதல் வேலையாக, ‘மரநாயைக் காப்போம்’ என்று வாசலில் ஒரு பெரிய பேனர் கட்டினோம். அதில் இருந்தது மரநாய் இல்லை, கடல் கடந்த ஏதோ தேசத்துப் பிராணி. நிஜ மரநாய் ஒன்று சுற்றுச்சுவரில் உட்கார்ந்து அதை வெகுநேரம் பார்த்துவிட்டுப் போனது. அந்த வருஷம் முழுக்க அது எங்கள் பக்கம் திரும்பவில்லை. பறவை பார்க்க ஏரிக்கரைக்குப் போனபோது, எல்லாரும் அமைதியாக இருக்கவேண்டும் என்பதற்காகத் தலைவி விசில் ஊதினார். பார்ப்பதற்கு ஏரி மிச்சமிருந்தது.

இந்த அனுபவங்களால் தெளிந்து நாங்கள் தத்தெடுப்புத் திட்டத்துக்கு வந்தோம். லிஃப்டுக்குப் பக்கத்துப் பலகையில் நம் பகுதியின் உயிரினங்களை வாத்தியார் வரிசையாக எழுதினார். ஒவ்வொரு வீடும் ஒன்றைத் தத்தெடுத்துத் தன் வீட்டு எண்ணைப் பக்கத்தில் எழுதவேண்டும். அதற்கு மேல் என்ன செய்யவேண்டும் என்று யாரும் யோசிக்கவில்லை. மீன்கொத்தியும் வண்ணத்துப்பூச்சிகளும் அணிலும் ஒரே நாளில் போய்விட்டன. ஆமை, தேரை, உடும்பு, கீரி, வௌவால், கூகை எல்லாம் மணமாகாத அக்காக்களைப்போல அப்படியே நின்றன. பலகையைக் கடக்கும்போதெல்லாம் சங்கடப்பட்ட கண்ணாடிக்காரர், ஒரு காலையில் சாக்பீஸை எடுத்து மிச்சம் எல்லாவற்றுக்கும் தன் வீட்டு எண்ணைப் போட்டுவிட்டுக் கடைக்குப் போனார். தத்து என்ற சொல்லை நாங்கள் அலங்காரத்துக்குப் போட்டிருந்தோம். அதன் அர்த்தம் அவற்றுக்குத் தெரிந்திருந்தது. ஆமை அன்று சாயங்காலமே வந்தது.

அடுத்து ஹாலின் கோடியில் ஓர் அறை முளைத்து, அதில் எந்நேரமும் மழை விட்ட பத்தாவது நிமிஷம்போலவே இருந்தது; தேரைகள் வந்தன. உடும்புக்கு வந்த அறை வடக்குப் பக்கம் என்றாலும் உள்ளே நாள் முழுக்க உச்சி வெயில் அடித்தது, மருந்துக்கடையம்மா அதில் துணி காயப்போட்டுக்கொண்டார். கூகையின் அறையில் பொழுது சாய்ந்தே இருந்தது. வௌவால்களின் அறைக்குக் கூரை மட்டும்தான், தரை கிடையாது. பெருக்கும் வேலை மிச்சம் என்றார் அந்த அம்மா. தலைவி தத்தெடுத்த மீன்கொத்தி முதல் மாடிவரை வந்து அங்கிருந்த மீன்தொட்டியைப் பார்த்தது, தலையைத் திருப்பிக்கொண்டது, மூன்றாம் மாடிக்குப் போய் ஆமையோடு சேர்ந்துகொண்டது. தலைவி இரண்டு வாரம் கண்ணாடிக்காரரோடு பேசவில்லை. கட்டட என்ஜினியர் டேப்பும் கையுமாக வந்து வெளியே அளந்தார், பழைய அளவு. உள்ளே அளந்தார், டேப் போதவில்லை. கடைசியில், இதேபோலத் தன் வீட்டிலும் வர யாரைப் பார்க்கவேண்டும் என்று கேட்டுவிட்டுப் போனார். உடும்பும் கீரியும் பகலில் மிச்சமிருந்த புதருக்குப் போய், பொழுது சாய்ந்ததும் லிஃப்டில் திரும்பின. கொஞ்ச நாளில் எந்த மாடி என்று கேட்பதை வாட்ச்மேன் விட்டுவிட்டார்.

கண்ணாடிக்காரரின் புகழ் பரவியது. பள்ளிக்கூடங்களில் பேசக் கூப்பிட்டார்கள். “அதுங்க நம்மகிட்ட சோறு கேக்கல, துணி கேக்கல. எடம் கேக்குதுங்க. மனசு இருந்தா எடம் தானா வரும்” என்பார். குரல் தழுதழுக்கும். அது நடிப்பில்லை. தேரைகள் சாலையைக் கடக்கும் நாட்களில், கொட்டுகிற மழையில் நடுரோட்டில் குடையோடு நின்று கார்களைக் கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்தியவர் அவர். அவரைப் பார்த்துத்தான் நாங்களும் இறங்கினோம். பின்னால் இருந்த புதர்நிலம் வேலிபோட்டுக் காப்பாற்றப்பட்டதும் அவர் நடையாய் நடந்ததால்தான். நல்ல மனிதர். கடைசி வரிசையில் உட்கார்ந்து மருந்துக்கடையம்மாவும் கைதட்டினார். தட்டும்போது தொண்டையில் என்னவோ அடைத்தது.

அடைப்பு அதிகமாகவே தொண்டை டாக்டரிடம் போனார். டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். “சளி இல்ல, புண்ணு இல்ல. ஒரு வாக்கியம் மாட்டியிருக்கும்மா. ரொம்ப நாள் ஆன மாதிரி இருக்கே?”

“ஏழெட்டு வருஷம் இருக்கும் டாக்டர்.”

“கரைய மருந்து கிடையாது. சொல்லித்தான் ஆகணும்.”

“சொன்னா வலிக்குமா?”

“கேக்கறவங்களப் பொறுத்தது” என்று சொல்லி, அதுவரைக்கும் உப்புத்தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த அம்மா இரண்டு பஸ் மாறி அப்பாவைப் பார்க்கப் போவார். தனியாக இருப்பவர்களின் அறைகள் சுருங்கும் என்பது தெரிந்த விஷயம்தான். ஆனால் பெரியவரின் அறை கொஞ்சம் வேகமாகவே சுருங்கிக்கொண்டிருந்தது. முதலில் மேஜையை எதிர் அறைக்காரருக்குக் கொடுத்தார். அடுத்த மழைக்குள் கட்டில் மடக்குக்கட்டிலானது. பிறகு அதற்கும் இடமில்லாமல், மூலைக்கு மூலை குறுக்காகப் பாய் விரித்தார். இரண்டு முட்டியும் மடங்காதவர், பாயிலிருந்து எழ ஜன்னல்கம்பியைப் பிடித்துக்கொண்டு போராடினார். ஒரு ஞாயிறு மகள் போனபோது ஒரு நாற்காலிக்குத்தான் இடம் இருந்தது. நாற்காலியில் அவர் இருந்தார். மகள் வாசற்படியில் நின்றபடியே மாத்திரைகளைப் பிரித்துக் கொடுத்தாள்.

“எப்படிப்பா தூங்கறீங்க?”

“உக்காந்துக்கிட்டுத்தான். டிரைவர் சீட்டு இதவிடச் சின்னதும்மா.”

“எங்கூட வந்துடுங்கப்பா.”

“மாப்ள கூப்பிட்டாரா?”

மகள் அடுத்த மாத்திரையைப் பிரித்தாள். பெரியவர் விளக்கை அணைத்தார். பகல் விளக்கு அனாவசியம்.

அடுத்த வாரம் கண்ணாடிக்காரர் வீட்டில் இன்னொரு அறை வந்தது. தெருப்பக்கம், பெரிய ஜன்னலோடு. பலகையில் இருந்த எல்லா உயிரினங்களும் வந்து முடிந்திருந்ததால் இது யாருக்கு என்று புரியவில்லை. யாரும் வராவிட்டால் பெட்டிகளை வைத்துக்கொள்ளலாம் என்று கண்ணாடிக்காரர் ஃபிரேம் பெட்டிகளை அங்கே அடுக்கினார். காலையில் பெட்டிகள் எல்லாம் ஹாலில் இருந்தன. மறுபடி அடுக்கினார். மறுபடி ஹால். சாப்பாட்டு மேஜைக்குப் போக வழியில்லாமல் போனதும், குழுவின் அவசரக் கூட்டத்தை அந்த அறையிலேயே கூட்டினார்.

நாங்கள் தடயங்களைப் பார்த்தோம். சுவர் நெடுக, இடுப்பு உயரத்தில் மரக் கைப்பிடி ஓடியது. “பத்திப் பிடிச்சு நகர்ற ஜாதி. தேவாங்கா இருக்கலாம்” என்றார் வாத்தியார். ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்துத் தலைவி அதை மறுத்தார். தேவாங்கு ராத்திரிப் பிராணி. குளியலறை உள்ளேயே இருந்தது, படி இல்லாமல். “தண்ணிப்பக்கம் வாழறது. ஆனா ஏறத் தெரியாது” என்று ஒருவர் சொல்ல, வாத்தியார் பலமாகத் தலையாட்டினார். கட்டில் இருந்தது, வழக்கத்தைவிட உயரமாக. கட்டிலில் இருந்தபடி கை நீட்டினால் எட்டும் இடத்தில் விளக்கு சுவிட்ச். சுவரில் சட்டை மாட்ட ஒரு கொக்கி. அந்தக் கொக்கியின் கீழே நின்றுகொண்டு, எறும்புதின்னி வாலால் தொங்குமா என்று கால் மணி நேரம் விவாதித்தோம். படித்தவர்கள் கூடினால் பேச்சுக்குப் பஞ்சமில்லை.

மருந்துக்கடையம்மா டீ கொண்டுவந்தார். தட்டை எல்லாரிடமும் நீட்டி முடித்து, கட்டிலின் உயரத்தைக் கையால் பார்த்தார். கைப்பிடியைப் பிடித்து நாலடி நடந்தார். ஜன்னலுக்குக் கீழே பஸ் ஒன்று நின்று ஆளை இறக்கிவிட்டுப் போனது.

“இந்த மாதிரி எடத்துல இருக்கறது எனக்கு ஒன்னு தெரியும்” என்றார். குரல் கரகரத்தது.

வாத்தியார் பேனாவைத் திறந்தார். “சொல்லுங்கம்மா. பகல்ல நடமாடுமா?”

“நடமாட்டம் கம்மி. ரெண்டு முட்டியும் மடங்காது. ரோட்டப் பாத்து உக்காந்திருந்தா அதுக்குப் போதும்.”

“கூட்டமா இருக்குமா?”

“ஜோடி போயிடுச்சு. இப்பத் தனியாத்தான் இருக்கு. இருந்த எடமும் சுருங்கிக்கிட்டே வந்து, இப்ப உக்காந்தபடி தூங்குது.”

“வாழிட அழிவு” என்று தலைவி வருத்தத்தோடு சொன்னார். எங்களில் இரண்டு பேர் உச்சுக்கொட்டினோம். வாத்தியார் மும்முரமாக எழுதினார். “நம்ம மண்ணோட இனம்தானே? வெளியிலேருந்து வந்தது இல்லையே?”

“இந்த ஊர்லயே பொறந்து, இந்த ஊரையே முப்பது வருஷம் சுத்திச் சுத்தி வந்தது.”

கண்ணாடிக்காரர் டீயை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நின்றார். எங்கள் எல்லார் கண்ணையும் சோதித்து நம்பர் எழுதிக்கொடுத்த மனிதர், தன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். மாட்டிக்கொள்ளாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். “பேர் என்ன போடட்டும்?” என்று வாத்தியார் கேட்டார். மருந்துக்கடையம்மா டீத்தட்டைக் கட்டிலில் வைத்தார். ஒருமுறை இருமி, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, கணவர் பக்கம் திரும்பினார்.

“எங்கப்பாவ இங்க கூட்டிட்டு வந்துடலாமாங்க?”