அவருக்கு இப்போது எந்தப் பாட்டு

பழைய போன் தண்ணீர் வாளிக்குள் விழுந்து செத்துப்போனது. உள்ளே இருந்த மெமரி கார்ட் மட்டும் தப்பியது. நான் அறை எடுத்திருக்கும் வத்தேகமையில் போன் கடை வைத்திருக்கும் அஸ்ஃபர் நானா அதை என் புதுப் போனில் போட்டுப் பார்த்தார்.

“பாட்டெல்லாம் ஈக்கிது தங்கச்சி. ஒண்டும் அழியல்ல.”

எனக்கு உயிர் வந்தது. அந்தப் பாட்டுகளை என் புருஷன் அஜந்தன் கட்டாருக்குப் போகுமுன் உட்கார்ந்து ஏற்றினார். எனக்கு ஒரு கார்ட், அவருக்கு ஒன்று. ஒரே பாட்டுகள், ஒரே வரிசை. கண்டியில் புடவைக்கடை வேலை முடித்து நான் அறைக்கு வந்து சேர்ந்ததும் அவர் கோல் எடுப்பார். சாப்பிட்டியா, அங்கே மழையா என்பதோடு பேச்சு தீர்ந்துவிடும். எங்கள் இரண்டு பேருக்குமே பேச வராது. “சரி, போடுவோமா?” என்பார். கோலை வைத்துவிட்டு அவர் அங்கேயும் நான் இங்கேயும் முதல் பாட்டைப் போடுவோம். அதன்பிறகு அவருக்கு எந்தப் பாட்டு ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். அந்தப் புறாக்கூட்டு அறையில் எனக்கு இருந்த துணை அதுதான்.

புதுப் போனால் அதில் மண் விழுந்தது. இரண்டாவதாக வரவேண்டிய பாட்டு எங்கோ கடைசியில் வந்தது. நானாவிடம் சண்டைக்கே போனேன்.

“இந்தப் போன் எழுத்து வரிசப்படிதான் பாடும். பழைய மாதிரி வேணுமெண்டா ஒவ்வொரு பாட்டுப் பேருக்கும் முன்னுக்கு நம்பர் போடணும். வரிசை ஞாபகம் ஈக்கிதா?”

என்னிடம் போய்க் கேட்கிறார்.

பௌர்ணமிப் போயா லீவு முழுக்கக் கட்டிலில் குந்திக்கொண்டு நம்பர் போட்டேன். சோறுகூட வைக்கவில்லை. ஒரு பாட்டு முடிந்தால் அடுத்தது எனக்குள் தானாகவே தொடங்கும். அதைப் பிடித்துக்கொண்டே போனேன். முடித்தபோது கழுத்து பிடித்துக்கொண்டது, ஆனாலும் சிரிப்பு வந்தது.

அவர் கோல் எடுத்ததும் பெருமையடித்தேன். “கொஞ்ச நாளா நீங்க ஒன்னு கேக்க, நான் ஒன்னு கேட்டுக்கிட்டு இருந்தேன். இப்ப சரி பண்ணிட்டேன்.”



“கஜா, என் கார்ட்டு போன வருசமே பழுதாயிருச்சு.”

“அப்ப தெனம் போடுவோமான்னு கேட்டீங்களே?”

“நீ கேட்டுக்கிட்டு இருப்பேன்னு நெனைச்சா எனக்கு அது போதும். சொன்னா நீ கவலப்படுவ.”

“பாட்டெல்லாம் திரும்ப அனுப்பவா?”

“வேணாம். வேல விட்டு வந்தா ஒடம்பு படுக்கத்தான் சொல்லுது.”

திட்டத்தான் நினைத்தேன். பாட்டில் இந்த இடத்தில் காலாட்டுவார், இந்த இடத்தில் கூடவே பாடுவார் என்று ஒரு வருடமாகச் சுவரைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். கோபத்தைவிட வெட்கம்தான் சுட்டது.

“சரி, நீ போடு” என்றார், மெதுவாக.

“போட்டுட்டேன்” என்றேன்.

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒரு ஆளுக்கு அரிசி அளந்து கழுவினேன். நான் பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அவர் அங்கே நினைத்துக்கொண்டிருப்பார்.